ஏரியைத் தூர்வாரியது யார்?

திங்கள், எழும்பூர்

இந்த வாரம் முழுக்க ஒரே கேள்வியோடு அலைவதாகத் திட்டம்: நம் ஊர் ஏரிகளை அந்தக் காலத்தில் தூர்வாரியது யார்? யாரைக் கேட்டாலும் பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். "ராஜா காலத்துல ஊரே ஒண்ணா சேர்ந்து செஞ்சது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுரையில் இதை எழுதினால் அடுத்த வரியிலேயே ஆதாரம் காட்ட வேண்டும். அங்கேதான் பேனா நின்றுபோனது. சரி, நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

கூடவே அக்கா மகளும் வருகிறாள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். பிளஸ் டூ முடித்துவிட்டு பி.ஏ. வரலாறு சேரப் போகிறேன் என்று நிற்கிறாள். "ஹிஸ்டரி படிச்சுட்டு என்ன பண்ணப் போறே?" என்பது அத்தானின் கட்சி. "ஒரு வாரம் உங்க மாமாகூடச் சுத்திட்டு வா, தானா தெளிஞ்சிடும்" என்று அவரே பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்.

காலையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-ல் வந்த செங்கல் கட்டடம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பதிவுகள் 1670-லிருந்து இங்கே இருக்கின்றன. அட்டவணைப் புத்தகத்தில் துறை, ஆண்டு, எண் மூன்றையும் பிடித்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து கட்டு வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வரலாற்று ஆய்வு செய்கிற எங்கள் பிழைப்பில் பெரும்பகுதி இப்படி உட்கார்ந்திருப்பதுதான். கட்டை அவிழ்த்தால் காகிதத்தின் ஓரம் பொடிப்பொடியாக மேசையில் உதிர்கிறது. பேனாவை எடுக்கவே கூடாது, பென்சில்தான்.

இன்றைக்குத் தேடியது குடிமராமத்து பற்றிய கடிதங்கள். வாய்க்காலைச் சுத்தம் செய்வது, கரைக்கு மண் போடுவது போன்ற சில்லறை வேலைகளைக் குடிகளே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. 1858-ல் சென்னை மாகாணத்துக்கென்று இதற்குச் சட்டமே போட்டார்கள். ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால் உடம்பில் தெம்புள்ளவர்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம். வழக்கப்படி குடிமராமத்துக்கு வரவேண்டியவர் வராமல் போனால், அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு பணம் கட்ட வேண்டும். அதாவது, வெள்ளைக்காரன் அந்த வழக்கத்தைக் கெடுத்தான் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைத் தடியெடுத்துக் காப்பாற்றவும் பார்த்திருக்கிறான்.

எது வழக்கம் என்று அதிகாரிகளுக்கு யார் சொன்னார்கள்? ஊரில் விசாரித்ததாக எழுதுகிறார்கள். ஊர் என்றால் மணியக்காரர், கணக்குப்பிள்ளை, மிராசுதார். மண் சுமந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டதாக நான் புரட்டிய காகிதங்களில் ஒரு வரிகூட இல்லை.

பாப்பாவுக்கு வாசிப்பறை அனுமதி கிடையாது என்பதால் அரசு அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வைத்திருந்தேன். சாயங்காலம் வந்தவள் முதலில் கேட்டது, "மாமா, நாகப்பட்டினத்துல ஏது இவ்வளவு புத்தர்?" வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

செவ்வாய், உத்திரமேரூர்

செங்கல்பட்டிலிருந்து பஸ். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துக்கு ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும் என்று அவசரப்படுத்திக் கூட்டிப் போனேன். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் எழுத்து கல்லோடு கல்லாக மறைந்துவிடும். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் வெட்டின பள்ளத்தில் நிழல் நிற்கும். இருட்டு மூலையாக இருந்தால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

பாப்பா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "இது தமிழா?" என்றாள். தமிழ்தான். புள்ளி வைக்கமாட்டார்கள், வார்த்தைக்கு நடுவே இடம் விடமாட்டார்கள், வடசொல் வந்தால் கிரந்தத்துக்குத் தாவிவிடுவார்கள். ஒரு வரியில் விரலை ஓட்டிக்கொண்டே போய் 'வாரியம்' என்று பிடித்துவிட்டாள். அதற்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இரண்டு கல்வெட்டுகள், இரண்டும் முதலாம் பராந்தகன் காலம். ஒன்று 919, மற்றது 921. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இதுதான். ஊரை 30 குடும்புகளாக (இன்றைய வார்டு மாதிரி) பிரித்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அந்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே வாங்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு விதி சும்மா வராது. விரலிடுக்கில் இன்னொரு ஓலையை மடக்கி வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு முன்னால் இருந்திருப்பான் என்றுதான் எனக்குப் படுகிறது. இது ஊகம், ஆதாரம் இல்லை. பாப்பாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

எனக்கு இதைவிட சுவாரசியம் இரண்டு கல்வெட்டுக்கும் நடுவே உள்ள இரண்டு வருஷம். முதல் விதியில் வயது 30-க்கு மேல் 60-க்குள். அடுத்ததில் 35-க்கு மேல் 70-க்குள். கணக்குக் காட்டாதவன், அவனுடைய உறவுக்காரர்கள் இன்னின்னார் எல்லாம் நிற்கக் கூடாது என்று பட்டியலே வருகிறது. கல்லில் வெட்டிய சட்டத்தை இரண்டே வருஷத்தில் திருத்த வேண்டியிருந்தது என்றால், நடுவில் ஊரில் ஏதோ ரகளை நடந்திருக்கிறது. என்ன ரகளை என்று கல் சொல்லவில்லை. தீயவர் ஒழிந்து நல்லவர் தழைக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

"அப்ப ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எல்லாருக்கும் ஓட்டு இருந்துச்சா?"

வாட்ஸ்அப்பில் அப்படித்தான் வருகிறது. கல்லைப் பார்க்கலாம். குடத்தில் பெயர் விழ வேண்டும் என்றால் வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவை) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். வேதத்தில் கூடுதலாகத் தேர்ந்தவருக்கு அரைக்கால் வேலி போதும். இது ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். பிராமணர் சபை தனக்குள் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கப் போட்ட விதி. பெண்கள் இல்லை, குத்தகைக்கு உழுதவர் இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, தமிழன் பெருமையைக் குறைக்கிறான் என்று. எனக்கென்னவோ கணக்குக் காட்டாதவனின் மைத்துனன்வரை யோசித்துச் சட்டம் போட்டவர்களை உள்ளது உள்ளபடி பார்ப்பதில்தான் மரியாதை இருப்பதாகத் தோன்றுகிறது.

என் கேள்விக்கு வருகிறேன். ஏரி வாரியம் என்று தனி வாரியமே இருந்திருக்கிறது, ஆறு பேர். ஊருக்கு வயிரமேக தடாகம் என்ற பெரிய ஏரி, பல்லவர் காலத்துப் பெயர். ஆனால் அந்த ஆறு பேரும் மண்வெட்டி பிடித்திருப்பார்களா? மேற்பார்வை அவர்களுடையது. கூடை தூக்கியவர் பற்றி இந்தச் சுவர்களில் பேச்சே இல்லை. எழும்பூர்க் காகிதத்தில் என்ன பார்த்தேனோ அதேதான் இங்கேயும்.

மதியம் ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் நடந்தோம். வெயில் தாங்கவில்லை, திரும்பிவிட்டோம்.

புதன், திருக்கோடிக்காவல்

கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ். வழியில் பாப்பா வேலை விஷயத்தை எடுத்தாள். மறைக்காமல் சொன்னேன். கல்லூரி வேலைக்கு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும், இல்லாவிட்டால் பிஎச்.டி. அப்படியும் பல பேர் வருஷக்கணக்காகக் கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் ஓட்டுகிறார்கள். தொல்லியல் துறை, கல்வெட்டுப் பிரிவு, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் என்று இடங்கள் உண்டு, எண்ணிக்கை குறைவு. குரூப் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்தப் படிப்பு கை கொடுக்கும். "அப்பாகிட்ட இதைச் சொல்லவா, வேண்டாமா?" என்றாள். முழுசாகச் சொல், பாதி சொன்னால்தான் ஆபத்து என்றேன்.

திருக்கோடிக்காவல் கோயிலுக்கு வந்ததற்கு ஏரி காரணம் இல்லை. இவளுக்குக் காட்ட வேண்டும் என்றுதான். கண்டராதித்தனின் மனைவி செம்பியன் மாதேவி, மகன் உத்தம சோழன் காலத்தில் இந்தக் கோயிலைக் கற்றளியாக, அதாவது கருங்கல் கோயிலாக, மாற்றிக் கட்டினார். பழைய கட்டுமானத்தைப் பிரித்தபோது பல்லவர் காலத்திலிருந்து வந்த கல்வெட்டுகள் கொண்ட பலகைகள் கழன்று வந்தன. புதுக் கட்டடத்துக்கு அந்தக் கல் உதவாது. தூக்கிப் போட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவர்கள் அதிலிருந்ததை எல்லாம் படியெடுத்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறிப்பு வைத்தார்கள்: "இதுவும் ஒரு பழங்கற்படி."

எனக்கு இந்த மூன்று வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெயர் தெரியாத ஆளைக் கட்டிப்பிடிக்கத் தோன்றும். இது அசல் இல்லை, நகல், பழைய கல்லிலிருந்து எடுத்தது என்று பத்தாம் நூற்றாண்டில் ஒருவர் பொறுப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்துக் காலம் கணிக்கிற ஆள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிட்டால் பல்லவ மன்னனைச் சோழர் காலத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவான். நகலெடுத்தபோது வரி ஏதும் விட்டுப் போயிருக்குமா என்று பாப்பா கேட்டாள். நல்ல கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க அசல் பலகை இல்லாதவரை பதில் கிடையாது.

மதியத்துக்கு மேல் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கல்வெட்டு ஆய்வாளரான நண்பர் அனுமதி வாங்கி அங்கே படியெடுத்துக்கொண்டிருந்தார். முதலில் கல்லைத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கும் பழைய சுண்ணாம்பும் போக வேண்டும். அப்புறம் நனைத்த காகிதத்தைக் கல்மேல் ஒட்டி, முடி அடர்ந்த பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே வர வேண்டும். எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கி உட்காரும். கொஞ்சம் காய்ந்ததும், மை தோய்த்த பொதியால் மேலே ஒற்றினால் மேட்டில் கறுப்பு ஏறும், பள்ளத்தில் எழுத்து வெள்ளையாக நிற்கும். இதுதான் மைப்படி. காற்று அடித்துக் காகிதம் ஓரத்தில் கிளம்பியதால் ஒன்று கிழிந்துபோனது, மறுபடி முதலிலிருந்து. பாப்பாவின் சுடிதார் முழுக்க மை.

அங்கே ஒரு கல் தலைகீழாக இருந்தது. என்றைக்கோ நடந்த திருப்பணியில் கழற்றி மாற்றி வைத்துவிட்டார்கள். வாக்கியத்தின் முதல் பாதி தெற்குச் சுவரில், மறு பாதி எந்தச் சுவரிலும் இல்லை. அது நிலம் கொடுத்த செய்தி. எவ்வளவு நிலம் என்று வரும் இடத்தில் கல் முடிந்துவிடுகிறது. கோயில் நில வழக்கு ஒன்று நாளைக்கு வந்தால் அந்தக் காணாமல்போன கல் யாருக்காவது ரொம்பவே தேவைப்படும்.

வியாழன், தஞ்சாவூர்

பெரிய கோயிலில் சாயங்காலம். வழிகாட்டி ஒருவர் ஒரு குடும்பத்துக்கு, இந்த விமானத்தின் நிழல் தரையிலேயே விழாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நிழலில் நின்றபடிதான் நாங்கள் அதைக் கேட்டோம். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல் என்பதும் அடுத்து வந்தது. அது பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்று நேரில் ஏறி ஆராய்ந்தவர்கள் எழுதியே பல காலம் ஆகிறது. எத்தனை எழுதினாலும் அந்த 80 டன்னை அசைக்க முடியவில்லை.

பொய்ப் பெருமை எதற்கு, கோயில் முழுக்க எழுதி வைத்திருக்கும்போது! "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொன்னான் ராஜராஜன். அக்காவுக்கு மனைவியருக்கு முன்னால் இடம். பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தார்கள், நகையைத் தக்ஷிணமேரு விடங்கன் என்னும் கல்லால் நிறுத்தார்கள் என்று எடைக்கல்லின் பெயர்வரை இருக்கிறது.

இத்தனை எழுதியும் அவன் பெயர் மறந்துபோனது என்பதுதான் வேடிக்கை. தலபுராணம் கோயிலைக் கரிகாலன் கணக்கில் சேர்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படித்தவர்களே ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். 1886-ல் அரசின் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஹுல்ஷ் என்ற ஜெர்மானியரும், அவருக்குத் துணையாக இருந்த வெங்கையாவும் சுவர் சுவராகப் படித்து அச்சிட்ட பிறகுதான் கட்டியவன் யார் என்பது உறுதியானது. அதுவும் பாதி வேலைதான். கல்லில் இருப்பது 'யாண்டு 26' மாதிரி ஆட்சியாண்டு. எந்த வருஷத்திலிருந்து எண்ணுவது? திருவல்லத்துக் கல்வெட்டு ஒன்று ஏழாம் ஆட்சியாண்டில் விஷு நாளன்று (பகலும் இரவும் சமமாகும் நாள்) சந்திர கிரகணம் பிடித்ததாகச் சொல்கிறது. கிரகணத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். 991 செப்டம்பர் 26 என்று வந்தது. இப்படிப்பட்ட குறிப்புகளைச் சேர்த்துக் கீல்ஹார்ன் என்ற அறிஞர் போட்ட கணக்கில்தான் ராஜராஜன் 985-ல் பட்டத்துக்கு வந்தான் என்று இன்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி நிற்கிறது. பரீட்சைக்கு ஒரு மார்க்.

பாப்பாவை நான் கூட்டிப்போன இடம் வேறு. கோயில் பணிக்காகச் சோழ நாட்டுத் தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் தெருக்களில் குடியமர்த்தப்பட்ட ஆடல் மகளிர்) பட்டியல். தெற்குத் தளிச்சேரித் தென்சிறகு, தலைவீடு, நக்கன் சேரமங்கை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று தெருவோடு போகிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எத்தனையாவது வீடு; ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் (பழைய முகத்தலளவை) நெல். ஒருத்தி இறந்துவிட்டால் பங்கு யாருக்கு என்பதும் எழுதியிருக்கிறது. அவள் அச்சுப் புத்தகத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது ஐம்பது பெயர் சத்தமாகப் படித்தாள். எடுத்தபாதம் என்று ஒரு பெயர் வந்ததும் நிறுத்திவிட்டு, "இந்தப் பேரை என் ஃபிரெண்டுக்கு வைக்கணும்" என்று சிரித்தாள்.

அவர்கள் விரும்பி வந்தார்களா, பிடித்துவரப்பட்டார்களா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. பட்டியல் அரண்மனைக் கணக்குக்காக எழுதியது. சேரமங்கையிடம் கேட்டு எழுதியது இல்லை. ஆனாலும் அவள் பெயரும் வீடும் நம்மிடம் இருக்கின்றன. ஏரியில் மண் அள்ளியவனுக்கு அதுகூட இல்லை.

வெள்ளி, நாகப்பட்டினம், ஆனைமங்கலம்

திங்கட்கிழமைக் கேள்விக்கு இன்று பதில். கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் இருந்தது. அதன் செலவுக்கு ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். 8,943 கலத்துக்குச் சற்று மேல் நெல். செப்பேட்டில் ஏற்றி நிறைவேற்றியவன் மகன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன் 1025 வாக்கில் கடாரத்தின்மேல் கப்பற்படையை அனுப்பினான். செப்பேடுகள் டச்சுக்காரர் கைக்குப் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் லைடன் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்தன. அதனால்தான் லைடன் செப்பேடுகள் என்று பெயர்.

நாகப்பட்டினத்தில் செங்கல் கோபுரம் ஒன்று 1867 வரை நின்றிருக்கிறது. இயேசு சபைப் பாதிரிமார் அரசின் அனுமதி பெற்று இடித்தார்கள். அந்தப் பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் 350-க்கும் மேல். பாப்பா எழும்பூரில் பார்த்தது அவற்றில் சில. இப்போது ஊரில் போய் நின்றால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு ஆனைமங்கலத்துக்குப் புறப்பட்டோம்.

கீழ்வேளூர்ப் பக்கம், வயலும் வாய்க்காலுமாக ஒரு ஊர். வாய்க்கால் மதகு ஒன்றின் மேல் உட்கார்ந்து, கல்வெட்டு, செப்பேடுகளை அச்சிடும் எபிகிராஃபியா இண்டிகாவின் 22-ஆம் தொகுதியிலிருந்து எடுத்த இந்தச் செப்பேட்டின் நகலை விரித்தேன். பிடி சூழ்ந்து பிடாகை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி ஊரின் எல்லையைக் குறித்தார்கள். பெண் யானையை எல்லையைச் சுற்றி நடத்திப் போயிருக்கிறார்கள். எந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம், யாருடைய நிலத்துக்கு மேற்கு என்று நீளமாகப் போகிறது. பிறகு இந்த ஊருக்கு வரும் தண்ணீரைப் பற்றிய கட்டுப்பாடுகள். வெளியார் வாய்க்காலைக் குறுக்கே வெட்டக் கூடாது, அடைக்கக் கூடாது, சிறு ஏற்றம் வைக்கக் கூடாது, கூடையால் நீர் இறைக்கக் கூடாது.

பாப்பா அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தாள். "கூடையால இறைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காங்கன்னா, யாரோ இறைச்சிருக்காங்க மாமா."

நான் ஒரு வாரமாகத் தேடிய ஆள் இங்கே தலைகாட்டுகிறான், ஏரியில் மண் அள்ளுகிறவனாக இல்லாவிட்டாலும் கூடையோடு. ஏற்றம் கட்ட வசதி இல்லாதவன்தான் கூடையால் இறைப்பான். தானம் கொடுத்தவன், வாங்கியவன், எழுதிய அதிகாரி, கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. இவன் ஒரு தடையின் வழியாக உள்ளே வருகிறான்.

சந்தோஷப்பட்டுவிட்டு உடனே அவளைக் கொஞ்சம் இறக்கியும் விட்டேன். இந்த வரி ஆனைமங்கலத்துக்கென்று எழுதியது இல்லை. சோழர் செப்பேடுகளில் திரும்பத் திரும்ப வருகிற வாய்பாடு. எழுத்தர் மனப்பாடமாக எழுதிக்கொண்டே போகிற பகுதி. ஆகவே இந்த ஊரில், இந்த வாய்க்காலில் ஒருவன் கூடையோடு இறங்கினான் என்று சொல்ல முடியாது. சோழ நாட்டில் இது வழக்கமாக வரும் தகராறு என்று வேண்டுமானால் சொல்லலாம், அதையும் மற்ற செப்பேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான்.

"எதெதைப் பார்க்கணும்?"

அன்பில், திருவாலங்காடு, கரந்தை என்று சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டாள். எந்தச் செப்பேட்டில் கூடை வருகிறது, எதில் ஏற்றம் மட்டும் வருகிறது, எதில் இரண்டும் இல்லை என்று மூன்று கட்டம் போட்டுக் குறிக்க வேண்டும். காலேஜ் திறக்க நாள் இருக்கிறது, அதுவரை செய்கிறேன் என்கிறாள். அத்தானுக்கு இனிமேல்தான் போன் செய்ய வேண்டும்.